நந்தியாவட்டைத் தொட்டி

கோபத்திலும் வேறு பெயர் வாயில் வராத என் பத்மாவுக்கு,

குறிப்பு இல்லாமல் எனக்குப் பேச வராது என்று உனக்குத் தெரியும். ஆகவே முதலில் வரிசை:

1. நீ என்னிடம் மறைத்தது.
2. அது எனக்குத் தெரியவந்த விதம்.
3. வரலாற்றுக்கு முந்தைய மக்கள் இறந்த சிசுக்களை வீட்டுக்குள்ளேயே புதைத்ததற்கு நான் நூலகத்தில் சொன்ன காரணமும், அது சரி என்பதும்.

இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன். முதலாவதை எழுதக் கை வரவில்லை.

நீ இறந்த பிறகு தாழ்வாரத்துத் தொட்டிகளைப் பார்த்துக்கொள்ள என்னால் முடியவில்லை. நம் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே தோட்டம் போடுகிறவர்களுக்குக் கொடுத்துவிட நினைத்தேன். போன சனிக்கிழமை தள்ளுவண்டியோடு வந்தார்கள். உதவிக்கு உன் தம்பி சேகரும் வந்திருந்தான். நந்தியாவட்டைத் தொட்டியை நான் தூக்கக் குனிந்தபோது அவன் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"அத்தான், இத மட்டும் குடுக்காதீங்க."

"செடிதானே சேகர்."

"செடி இல்ல அத்தான். உங்க பையன்."

வண்டி போன பிறகு எல்லாவற்றையும் சொன்னான்.

முப்பதாம் நாள் பெயர் வைக்கக் காத்திருந்தோம், அதற்குள் போய்விட்டான். சின்னப் பிள்ளையை எரிக்கக்கூடாது, தாய் இடுகாட்டுக்கு வரக்கூடாது என்றார்கள். சுவா சூ காங் இடுகாட்டுக்கு நான்தான் தூக்கிப் போனேன். பல ஆண்டு கழித்து அரசாங்கத்துக்கு நிலம் தேவை என்று அங்கே குழிகளைத் தோண்டி எச்சங்களை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, நேரில் போய் விசாரிக்க எனக்குத் துணிச்சல் இல்லை. "நம்ம வரிசை இன்னும் வரலைங்க" என்றாய். நம்பினேன்.

வந்துவிட்டிருந்ததாமே. நீயும் சேகரும் போயிருக்கிறீர்கள். எலும்பு எதுவும் மிஞ்சவில்லை. நீ பிள்ளையின் மணிக்கட்டில் கட்டிய கருமணிகளும் மண்ணும்தான். அவற்றைக் கொண்டுவந்து அந்தத் தொட்டியில் வைத்துவிட்டாய். அந்தச் செடிப் பூவை மட்டும் நீ சாமிக்குப் பறித்ததில்லை. கவனித்திருக்கிறேன், ஏன் என்று கேட்டதில்லை.

சுவா சூ காங் பக்கம் பஸ் போகும்போதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொள்வேன். நீ என் கையைப் பிடித்துக்கொள்வாய். எதற்காகப் பிடித்தாய்? அவன் அங்கே இல்லை என்று தெரிந்திருந்தும்? ஆங் மோ கியோவில் நம் வாசலில் இருந்தான். தினமும் அவன் பக்கத்தில்தான் செருப்பைக் கழற்றிப் போட்டேன். தம்பிக்குத் தெரியலாம், தகப்பனுக்குத் தெரியக்கூடாதா?

என்னிடம் சொல்லத்தான் இருந்தாயாம். அந்த வாரம்தான் என் நூலகப் பேச்சு. வீட்டுத் தரைக்கடியில், பானைக்குள், சில இடங்களில் மணிகளோடு சிசுக்களைப் புதைத்திருக்கிறார்கள் என்று விளக்கினேன். ஆய்வாளர்களிடையே பல கருத்துகள் உண்டு என்று எச்சரித்துவிட்டு என் கருத்தைச் சொன்னேன்: சிசு இன்னும் ஊர்க் கணக்கில் ஓர் ஆள் இல்லை, அதனால்தான் பொது இடுகாட்டில் அதற்கு இடமில்லை. நீ முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாய். பிறகு தேக்கா சந்தைக் கடையில் தேநீரைப் பாதியிலேயே வைத்துவிட்டாய். பேச்சு நீண்டுவிட்டது, களைத்துவிட்டாய் என்று நினைத்தேன்.

மறுநாள் சேகரிடம் சொன்னாயாம்: "வேணாம்டா. அவரு கணக்குல இது வெறும் மண்ணு."

அது பானை செய்த காலத்து மக்களைப் பற்றிய பேச்சு, பத்மா. நம் பிள்ளையைப் பற்றியது என்று நீயே எப்படி முடிவு செய்தாய்? கையைத் தூக்கி ஒரு கேள்வி கேட்டிருக்கலாமே. கணக்கில் இல்லாத பிள்ளையை எதற்கு வீட்டுக்குள் வைத்துக்கொண்டார்கள் என்று கேட்டிருந்தால்...

எழுதும்போதுதான் தெரிகிறது. அந்தக் கேள்விக்கு முன் என் காரணம் நின்றிருக்காது.

தொட்டியை வீட்டுக்குள் ஜன்னலோரம் கொண்டுவந்துவிட்டேன். நான் எங்கே குடிபோனாலும் அது கூட வரும். எனக்குப் பிறகு சேகர் வைத்துக்கொள்வான், கேட்டுவிட்டேன். உன்மேல் கோபம் தீரவில்லை, தீருமா என்றும் தெரியவில்லை. ஆனால் தண்ணீர் தவறாது.

வரிசையில் முதல் இரண்டையும் மாற்ற மாட்டேன். மூன்றாவது தவறு.

பெயர் வைக்குமுன் போன நம் பிள்ளையின்
அப்பா