ஆமைக்குக் கல் கழுவுகிறேன்

கையெல்லாம் ப்ளீச் நாற்றம். மூன்று தரம் கழுவியும் போகவில்லை. உங்கள் கையில் இது அடிக்கும்போதெல்லாம் "அந்தக் கையோட சோத்துல கைய வைக்காதீங்க" என்று கத்துவேன். இப்போது கத்த ஆளில்லாமல் என் கையை நானே மோந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பென்ஷன் வந்த முதல் மாதமே தஞ்சாவூரிலிருந்து அந்த ஆமையை வாங்கி வந்தீர்கள். காதோரம் சிவப்புக் கோடு, உள்ளங்கை அகலம். "வீட்டுக்குள்ள ஆமையா? புத்தி கித்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் பேசவில்லை. நீங்கள் அசரவேயில்லை. அது தண்ணீரைவிட்டு ஏறி வெயில் காய ஒரு கல் தேடிக் கொண்டுவந்து, குழாயடியில் குந்தி, என் பழைய பிரஷ்ஷால் தேய்த்தீர்கள்.

"எனக்கு ஒரு நாளாவது முதுகு தேச்சு விட்டிருக்கீங்களா?"

"திரும்பி உக்காரு, இப்பவே தேச்சு விடறேன்."

அந்த வயதில் எனக்கு வெட்கம் வந்துவிட்டது. "கல்லுக்கு சோப்பு மட்டும் ஆகாது, உள்ள குடிச்சு வச்சுக்கும்" என்றீர்கள். அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடலாமே என்றேன். உள்ளே ஈரம் இருந்தால் வெடிக்கும் என்றீர்கள். நான் எங்கே காதில் வாங்கினேன்?

அதே கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு நாள் காலையில் சாய்ந்தீர்கள். நான் உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். இவ்வளவு நேரமாகக் குழாய் ஓடுகிறதே என்று எரிச்சலோடுதான் எழுந்து வந்தேன். அந்த எரிச்சலை நினைத்தால் இன்னும் தாங்க முடியவில்லை.

கருமாதிக்கு வந்த உங்கள் தங்கை, "ஆமைய கொண்டாந்து வச்ச வீட்டுல வேற என்ன அண்ணி நடக்கும்?" என்றாள். எல்லோரும் போனதும் அந்தக் கல்லைக் கொண்டுபோய்க் காவிரியில் வீசினேன். ஆமையையும் வீசத்தான் போனேன். ஆற்றில் விட்டால் அங்கே இருக்கிற உயிர்களுக்குக் கேடு, விடவே கூடாது என்று நீங்கள் படித்துப் படித்துச் சொன்னது நினைவுக்கு வந்தது. கை வரவில்லை.

ஏற இடமில்லாமல் அது நாளெல்லாம் நீந்தியது. தொட்டிக் கண்ணாடியைப் பிறாண்டியது. இந்த வீட்டில் என்னைத் தவிர மூச்சு விடுவது அது ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் நான் யாருக்காக எழுந்திருப்பது? நம் ஊரில் கல்லுக்கு எங்கே போக? தோண்டினால் களிமண், ஆற்றில் இறங்கினால் மணல். கொல்லையில் துணி துவைக்கிற கல்லிலிருந்து உடைந்து கிடந்த துண்டை அலசித் தொட்டியில் வைத்தேன். முப்பது வருஷம் சோப்பு ஊறிய கல் அது! சாயங்காலம் பார்த்தால் தண்ணீர்மேல் நுரை. ஆமை கண்ணை மூடிக் கழுத்தைத் தொங்கப்போட்டுக் கிடந்தது. "பாவி, கொன்னுட்டேனே" என்று அலறியபடி நல்ல தண்ணீருக்கு மாற்றினேன். மூன்று நாள் அது இரை எடுக்கவில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் ஒரு கீரைத் துணுக்கைக் கடித்தது.

பக்கத்து வீட்டுச் செல்வியின் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். கரூர்ப் பக்கமிருந்து தட்டையாக ஒரு கல் கொண்டுவந்து கொடுத்தார். இந்த முறை எல்லாம் உங்கள் வழிதான். வினிகர் சொட்டு விட்டேன். பொங்கவில்லை, அப்படியென்றால் சுண்ணாம்புக் கல் இல்லை. வினிகரும் ப்ளீச்சும் சேரக் கூடாது என்பீர்களே, அதனால் அந்தப் புளிப்பு போகக் கழுவினேன். சுடுதண்ணீர் ஊற்றிச் சந்து பொந்தெல்லாம் தேய்த்தேன். பக்கெட் தண்ணீரில் கொஞ்சமே கொஞ்சம் ப்ளீச் விட்டு அரைமணி ஊறவைத்தேன். பிறகு நாற்றம் அடியோடு போகும்வரை நாலு நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறப்போட்டு, மொட்டைமாடி வெயிலில் காயவைத்தேன். மாதா மாதம் இப்படித்தான் செய்கிறேன். இன்றைக்கும் அதே வேலைதான்.

முதல் தடவை அந்தக் கல்லைத் தொட்டியில் வைத்தபோது, ஆமை வெகுநேரம் சுற்றிச் சுற்றி வந்தது. முன்காலை ஊன்றி, ஒரு தரம் வழுக்கி, மறுபடி ஏறி, வெயிலில் கழுத்தை நீட்டிப் படுத்தது.

"என்னங்க, ஏறிடுச்சு! சீக்கிரம் வாங்களேன்!"

கத்திவிட்டேன். செல்விதான் ஓடிவந்தாள். என் முகத்தைப் பார்த்தவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

இன்னும் அப்படித்தான். பால் பொங்கினாலும் கரண்டு போனாலும் வாயில் முதலில் வருவது 'என்னங்க'தான். கூப்பிட்ட பிறகுதான், நீங்கள் இல்லை என்பது ஞாபகம் வருகிறது.