பதினொரு ஜன்னல்களுக்குப் பொறுப்பான நபர் கிடைத்துவிட்டது குறித்து

அனுப்புநர்:
ஒட்டுப் பிரிவுத் தொழிலாளியின் மகள்,
செல்போன் கடை மாடி, இரண்டாம் அறை.

பெறுநர்:
தொழிற்சாலை ஆய்வாளர் அவர்கள்.

பொருள்: காலணித் தொழிற்சாலையில் ஆணி அடித்து மூடிய ஜன்னல்களைத் திறக்க வேண்டுதல் – பொறுப்பாளர் எவரும் இல்லை என்ற தங்கள் பதில் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் அம்மா காலணிகளுக்கு அடிப்பாகம் ஒட்டுகிறார். தூசி படக்கூடாது என்று வெளிநாட்டுத் தலைமை நிறுவனம் எழுதியதால், தொழிற்சாலையை நடத்தும் ஒப்பந்தக்காரர் பதினொரு ஜன்னல்களுக்கும் ஆணி அடித்துவிட்டார். பசை நெடியில் நாற்பது பெண்கள் வேலை செய்கிறார்கள். அம்மாவுக்கு எந்த வாசனையும் தெரிவதில்லை. போன மாதம் வீட்டில் கேஸ் கசிந்தபோது, அடுப்பருகே நின்றபடி என்னிடம் தீப்பெட்டி கேட்டார்.

2. ஆணி அடிக்கச் சொன்னது நிறுவனம், அதற்கு இந்நாட்டில் பொறுப்பான நபர் இல்லை, இருந்தால் நோட்டீஸ் அனுப்பலாம் என்று தெரிவித்திருந்தீர்கள். நிறுவனத்தின் சொந்த நாட்டு நீதிமன்றமோ, இதுபோன்ற வழக்குகளைப் பாதிப்பு நடந்த நாட்டிலேயே தொடுக்கச் சொல்லிவிட்டது. மனித உரிமை குறித்த சர்வதேச நெறிமுறைகளை மதிப்பதாக ஒவ்வொரு காலணிப் பெட்டியிலும் ஒரு சீட்டு இருக்கிறது. அதைப் பெட்டிக்குள் வைப்பதும் இந்த நாற்பது பேர்தான்.

3. அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதி, அந்தச் சீட்டில் இருந்த முகவரிக்கே புகார் அனுப்பினோம். அது நான்கு நாடுகளில் முத்திரை வாங்கிக்கொண்டு, இருபத்து மூன்றாம் நாள் என் மேசைக்கு வந்தது.

4. விளக்கம்: எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் பெற்றவள் நான். மேற்கண்ட மாடி அறையில் உட்கார்ந்து, வெளிநாட்டு நிறுவனங்களுக்கு நம் மொழியில் வரும் புகார்களுக்குப் பதில் அனுப்புவது என் தற்காலிகப் பணி. எந்த நிறுவனம் என்று சொல்லமாட்டார்கள். எண் மட்டும் இருக்கும். என் கையெழுத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

5. கணினியில் மூன்று பதில்களே உண்டு: பெற்றுக்கொண்டோம், பரிசீலிக்கிறோம், எங்கள் வரம்பில் இல்லை. ஜன்னலைத் திறக்கிறோம் என்று ஒன்று இல்லை. மேற்பார்வையாளரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மூன்றாவதை அழுத்திக் கையொப்பமிட்டேன். அது வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்கு நானே படித்துக் காட்டினேன். “இல்லைன்னு சொன்னாலும் எவ்வளவு மரியாதையா சொல்லியிருக்கு பாரு. எழுதின புள்ள நல்லா இருக்கட்டும்” என்றார்.

6. அப்பதிலின் அடியில் “நிறுவனத்துக்காக, மனித உரிமைப் பொறுப்பு அலுவலர்” என்று அச்சாகியுள்ளது. நகல் இணைத்துள்ளேன். ஆகவே ஐயா, தாங்கள் தேடிய நபர் நான்தான். நோட்டீஸை என் பெயருக்கு அனுப்புங்கள். ஆணி அடிக்கச் சொன்னோம் என்று நிறுவனத்தின் சார்பில் ஒப்புக்கொள்கிறேன். ஜன்னல்களைத் திறக்கவும் சம்மதிக்கிறேன். தங்கள் எதிரில் நின்றால் எனக்குப் பேச்சு வராது என்பதால் இரண்டையும் எழுதியே இணைத்திருக்கிறேன்.

என் பணி ஒப்பந்தம் வரும் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியோடு முடிகிறது. அதன்பின் நிறுவனத்துக்கு இந்நாட்டில் மறுபடியும் ஆள் இருக்காது. அதற்குள் நடவடிக்கை எடுக்குமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

நாள்: ஜூன் 9, திங்கட்கிழமை
இடம்: தங்கள் அலுவலக வரவேற்பறை

மனுதாரர்: (கையொப்பம்)

நகல் பெற்றுக்கொண்டேன், எதிர்மனுதாரர் நிறுவனத்துக்காக: (அதே கையொப்பம்)