உதிரிக்கள்ளும் ஒரு சத்தியமும்

என் பிரியமான அப்பாவுக்கு,

உங்கள் முதல் வருஷத் தெவசத்துக்கு ஊருக்கு வந்துவிட்டேன். நீடாமங்கலத்தில் இறங்கும்போதே மழை. நம் வயலில் நடவு முடிந்துவிட்டது. ஆள் கிடைக்காமல் அம்மா மெஷினை விட்டிருக்கிறாள். கோபப்படாதீர்கள், பயிர் நன்றாகத்தான் பிடித்திருக்கிறது.

ஸ்வெட்டரில் சுற்றி ஒரு பாட்டில் கொண்டுவந்தேன். எதுவென்று உங்களுக்குத் தெரியும். இங்கிலாந்தில் நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துக்குப் பின்னால், ஆப்பிள் தோட்டக்காரர் ஒருவர் பீப்பாயில் புளிக்கவைக்கும் கலங்கல் சரக்கு. பெயர் ஸ்க்ரம்பி என்றதும், "பேரே நாக்குல புளிக்குதேடா" என்று போனில் சிரித்தீர்கள். வாடி உதிர்ந்த ஆப்பிளை வைத்து வந்த பெயராம் என்றேன். "அப்ப உதிரிக்கள்ளுன்னு சொல்லு" என்றீர்கள்.

அதற்கப்புறம் ஞாயிறு தவறாமல் அதே விசாரணைதான். நுரைக்குமா? தொண்டையில் எரியுமா? நம் தென்னங்கள்ளு மாதிரி இருக்குமா? "அடுத்த தடவ கொண்டாறேன்ப்பா" என்றால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவீர்கள். நான் ஒரு மக்கு, வெட்கம் என்று நினைத்துவிட்டேன்.

பெரியப்பாவுக்குப் போட்ட படையலில் சுருட்டும் பிராந்தியும் வைத்த வீடுதானே நம்முடையது. உங்கள் இலையில் வடைக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் ஊற்றி வைத்தேன்.

"என்னடா அது?" என்றாள் அம்மா.

"ஆப்பிள் ஜூஸ்ம்மா."

குனிந்து மோந்து பார்த்தாள். "கள்ளு. எடுடா."

"அவருக்குப் பிடிச்சதும்மா."

"பிடிக்கும். யாரு இல்லேங்கிறா? மூணு வயசுல நீ வாய்க்கால்ல விழுந்தப்ப, பாத்துக்க வேண்டிய மனுஷன் கரையில குடிச்சிட்டுக் கெடந்தாரு. அன்னிக்கு உன் தலையில அடிச்சு சத்தியம் பண்ணாரு. சாகற வரைக்கும் தொடல. செத்தப்புறம் நீ மீற வைக்கிறியா? உனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

ஏன் அப்பா என்னிடம் சொல்லவே இல்லை? இத்தனை வருஷம் என் தலைக்காகத்தான் நாக்கைக் கட்டிப்போட்டீர்களா? டம்ளரை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன். அழுகை வந்துவிட்டது. கொட்டவும் மனம் வரவில்லை.

அம்மா பின்னாலேயே வந்தாள். "எப்புடி இருக்கும்னுதானே வாராவாரம் கேட்டாரு. நீ குடிச்சிப் பாத்துட்டுப் போய்ச் சொல்லு. கேக்கறதுக்குச் சத்தியம் இல்ல."

உங்கள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னேன். நுரை அவ்வளவாக இல்லை. முதலில் புளிப்பு, பிறகு தொண்டையில் லேசாக எரிச்சல், கடைசியில் ஈர வைக்கோல் வாசனை. தென்னங்கள்ளு மாதிரியா என்றுதான் சொல்லத் தெரியவில்லை, நான் அதைக் குடித்ததில்லையே என்றேன்.

"அது இன்னும் கொஞ்சம் இனிக்கும்" என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்து.

அவளுக்கு எப்படித் தெரியும்? நான் கேட்கவில்லை. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இனி வருஷா வருஷம் அங்கே ஆப்பிள் உதிரும் காலத்தில், முதல் டம்ளரைக் குடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நாம் பேசும் நேரத்துக்கு உங்களுக்குச் சொல்வேன். உங்கள் இலைக்கு ஒரு சொட்டும் வராது. இந்தத் தடவை என் தலையில் நானே அடித்துச் சத்தியம் செய்கிறேன்.

நீங்கள் காத்த தலைக்குச் சொந்தக்காரன்,
உங்கள் மகன் குமரேசன்