எனக்கு மட்டும் வேக வரம்பு

மதிப்புக்குரிய கணவருக்கு,

மூட்டுவலி எப்படி இருக்கிறது? மாத்திரையை விழுங்குகிறீர்களா, வழக்கம்போல் அலமாரிக்கே ஊட்டுகிறீர்களா? நான் நலம், நாக்கும் நலம்.

இங்கே ஒரு சிறு வேடிக்கை. பல்கலைக்கழகத்துக்காக நான் எழுத்தாக்கும் ஒலிப்பதிவுகள் மாப்பிள்ளை வீட்டில் எல்லோரும் நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் போட்டு எடுக்கும் சேமிப்புப் பெட்டியில் இருந்தன. வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்காவிட்டால் வேலை போய்விடும். ஆனால் ஒரு பதிவு என் லேப்டாப்பில் இறங்குவதற்குள் சோறு வெந்து ஆறியும் விடுகிறது.

"உங்க லேப்டாப் பழசு அத்தை" என்றார் மாப்பிள்ளை.

வைஃபையைத் துண்டித்துக் கேபிளைச் செருகினேன், ரவுட்டரை அணைத்துப் போட்டேன், பயனில்லை. பிறகு அதே லேப்டாப்பில் மகளை அவள் பெயரில் நுழையச் சொன்னேன். கோப்புகள் பறந்தன. பெட்டியின் அமைப்புப் பக்கத்தை அவள் திறந்தாள். என் பெயருக்கு மட்டும் வேக வரம்பு போடப்பட்டிருந்தது.

"எனக்கு மட்டும் எதுக்கு மாப்பிள்ளை கடிவாளம்?"

"நீங்க காப்பி பண்ணா நான் பாக்குற படம் நின்னு நின்னு ஓடுது அத்தை."

"அதை வாயைத் திறந்து சொன்னா முத்து உதிர்ந்துடுமா?"

மகள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலையை ஒப்படைத்துவிட்டேன். பல்கலைக்கழகத்தருகே ஓர் அறைக்கும் குடிவந்துவிட்டேன். கவலை வேண்டாம், தாழ்ப்பாள் நன்றாகவே விழுகிறது. மாப்பிள்ளை தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டால் தாராளமாக வழங்கிவிடாதீர்கள். அது என் சொத்து.

என் மாற்று மூக்குக்கண்ணாடியையும் ஒரு கம்பளியையும் அனுப்புங்கள். புதிதாக வாங்க வேண்டாம், நீங்கள் போர்த்திக்கொள்வதே போதும். தபால் நிலையத்தை மூடப்போகிறார்கள், முடிக்கிறேன். கம்பளியைத் துவைக்காமல் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி