இரண்டு பொட்டலத்திலும் சிவப்புப் பூ

பதுளை,
23.02.2004

அன்பு மகள் பிரசாந்தினிக்கு,

அப்பாவின் சளியைத் தவிர இங்கு எல்லாரும் சுகம். லண்டன் குளிரில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாயிருக்க முருகனை மன்றாடுகிறேன். பெரியம்மா வீட்டில் அறை சூடாக்கும் கீற்றர் திருத்தியாயிற்றா? இரவில் காலுறை போட்டுப் படு. அப்பா கச்சேரிக்கு வேலைக்குப் போய்விட்டார், அவர் வருமுன் இதைத் தபாலில் போட்டுவிட வேண்டும்.

போன கிழமை ஜாபிரின் தொலைபேசிக் கடையிலிருந்து உன்னோடு கதைத்தேனே, உன் ஒரு வருசப் படிப்புக்குக் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தேன், சுவாமி லுகானோ என்று சொல்லிவிட்டார் என்று. நீ "சரி அம்மா, சுவாமி சொன்னால் சரிதான்" என்றாய். அந்தக் குரல் இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை. சுவாமி அப்படிச் சொல்லவில்லை மகள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அந்தக் கடையில் பின்னால் நாலு பேர் நிற்க இதைச் சொல்ல என்னால் முடியாது.

நடந்தது இதுதான். வெள்ளைப் பூ வந்தால் புளோரன்ஸ், சிவப்பு வந்தால் லுகானோ என்று நேர்ந்துகொண்டு, இரண்டையும் இலையில் பொட்டலமாய்க் கட்டிச் சந்நிதியில் வைத்தேன். எடுத்துத் தரச்சொல்லி வாசலில் பூ விற்கும் ரெங்கம்மாவைக் கூப்பிட்டேன். வெள்ளை வந்தது. மனம் ஒருநிலைப்படவில்லை என்று சொல்லி மூன்று தரம் சுற்றி வந்து மறுபடி கட்டினேன். மறுபடியும் வெள்ளை. ரெங்கம்மா என் முகத்தைப் பார்த்து, "சாமி ரெண்டு தரம் சொல்லிருச்சுங்களே அம்மா, இன்னும் எத்தன தரம் கேப்பீங்க?" என்றாள். நான் அவள் கூடையிலிருந்து இன்னொரு சிவப்புப் பூ எடுத்தேன். மூன்றாம் தரம் இரண்டு பொட்டலத்திலும் சிவப்பையே வைத்தேன். அவள் கண்டாள். ஒன்றை எடுத்துத் தந்துவிட்டுப் போய்விட்டாள். மற்றதைச் சேலைத் தலைப்பில் முடிந்து வந்தேன், சுவாமி அறையில் காய்ந்துபோய்க் கிடக்கிறது.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். லுகானோவில் என் தம்பி சரவணமுத்து இருக்கிறான், மாமா வீட்டில் நின்று படித்தால் இரவில் நான் கண்ணை மூடுவேன். புளோரன்சில் நமக்கு ஒரு குருவிகூடத் தெரியாது. இரண்டு ஊரிலும் இத்தாலி மொழிதானே, ஒரு வருசம்தானே, எங்கே படித்தால் என்ன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் மலை ஏன் சரிகிறது என்ற பாடம் புளோரன்சில்தான் இருக்கிறது என்று நீ எழுதியதை மூன்று தரம் வாசித்தவள் நான். போன மழைக்கு நமுனுகுலயில் ரெங்கம்மாவின் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் பின்னால் மண் இறங்கி, பிள்ளைகளோடு மூன்று கிழமை தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படுத்தவள் அவள். அவள் கையாலேயே அந்தப் பொய்ப் பூவை எடுப்பித்திருக்கிறேன். நேற்றுப் போனபோது எப்போதும்போல ஒரு முழம் பூ நறுக்கித் தந்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

அப்பாவுக்குத் தெரியாது. "சுவாமியே சொல்லிப்போட்டார், இனி நான் என்ன கதைக்கிறது" என்று மாமாவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். மாமா உனக்கென்று அறைக்கு வெள்ளையும் அடிக்கிறாராம். இன்றிரவு அப்பாவிடம் சொல்வேன், மாமாவுக்கும் நானே எழுதுவேன், அந்த வெட்கம் என்னோடு போகட்டும். என் பயம் போய்விட்டது என்று நினைக்காதே, அது அப்படியேதான் இருக்கிறது. அதற்காக நீ படிப்பை மாற்றாதே. விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாள் மார்ச் பதினைந்து என்றாய், இது பத்து நாளில் கிடைக்க வேண்டும். கிடைத்ததும் ஜாபிரின் கடைக்குத் தொலைபேசி எடுத்து, விண்ணப்பத்தில் நீ எழுதிய ஊரின் பெயரை மட்டும் சொல்லு, காரணம் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

என் நாட்குறிப்புக் கொப்பியை உனக்குத் தெரியும், கலியாணமான நாளிலிருந்து ஒரு நாளும் விடாமல் எழுதுகிறேன், கோயிலில் பூ வந்ததையும் எழுதுவேன். அன்றைய பக்கம் மட்டும் இன்னும் வெறுமையாய்க் கிடக்கிறது. அதில் இரண்டு தரம் வெள்ளை வந்தது என்றும், மூன்றாம் தரம் நான் செய்ததையும் இன்று எழுதப்போகிறேன். கீழே ஒரு வரி விட்டு வைத்திருப்பேன். அது நீ சொல்லும் ஊருக்கு.

முருகன் உனக்குத் துணை நிற்பான். வெள்ளிக்கிழமை விரதத்தை விட்டுவிடாதே, விண்ணப்பத்தில் கையெழுத்து வைக்க மறக்காதே.

உன்னை ஏமாற்றிய, உன்மேல் உயிரான
அம்மா
யோகமலர்