காகிதம், துணி, எவர்சில்வர்

2024 ஜூன் 9, ஞாயிறு

ஹேமலதா போடும் காபியில் தப்பு பொடியில் இல்லை, ஃபில்டரில். எவர்சில்வரில் ஓட்டை பெரிது. எண்ணெயும் நுண்தூளும் சேர்ந்தே இறங்கும். சேதராப்பட்டு கம்பெனியில் தினம் எட்டு மணி நேரம் தண்ணீர் வடிகட்டுகிற துணியையும் காகிதத்தையும் சோதிப்பவன் நான். சொன்னால், "உங்க கம்பெனிய மூலக்குளத்து வீட்டுக்குத் தூக்கிட்டு வராதீங்க" என்கிறாள். கல்யாணமாகி எட்டு மாதம். இதைக்கூட நிரூபித்துத்தான் காட்டவேண்டும்.

ஜூன் 11

காகித ஃபில்டர் பார்சலில் வந்தது.

ஜூன் 16, ஞாயிறு

ஒரே பொடி, ஒரே அளவு, ஒரே சூட்டில் தண்ணீர். மூன்று கிளாஸ், அடியில் எண். பால், சர்க்கரை கிடையாது. காகிதத்தில் இறங்கியது தெளிவு. பூ வாசனை, லேசான புளிப்பு. துணி நடுவாந்தரம். எவர்சில்வர் கனம், கசப்பு, அடியில் வண்டல்.

எதில் வாசனை அதிகம் என்று ஹேமாவைக் கேட்டேன்.

"மூணும் ஒண்ணுதாங்க."

"மூக்கு எதுக்கு இருக்கு? மூக்குத்தி போடவா?" கேட்டுவிட்டேன்.

கிளாஸைக் கீழே வைத்தாள். "ஏப்ரல்ல காய்ச்சல் வந்துச்சுல்ல. அப்பலேர்ந்து எந்த வாசனையும் வரலைங்க. மல்லி, சாம்பாரு, உங்க சட்டை, எதுவுமே."

இரண்டு மாதம். ஏன் சொல்லலை?

"சொன்னா ரிப்பேர்னு சொல்லுவீங்க."

சொல்லியிருப்பேன்.

ஜூன் 17

காது மூக்கு டாக்டர். நரம்பாம். திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். எத்தனை சதவீதம் என்றேன். அவர் என்னை விட்டுவிட்டு ஹேமாவிடம் பேசினார்.

ஜூன் 30, ஞாயிறு

விடியலில் மழை. தெரு முழுக்கப் பால் கலந்த மாதிரி வெளிச்சம். மறுபடி மூன்று கிளாஸ். வாசனையைப் பற்றிக் கேட்கவில்லை. நாக்கில் எப்படி இருக்கு என்று மட்டும். கண்ணை மூடிக் குடித்தாள்.

காகிதம்: "கண்ணாடி மேல தண்ணி ஓடுற மாதிரி. நிக்கவே இல்ல."

துணி: "நெறைய தடவ துவைச்ச போர்வை."

எவர்சில்வருக்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். "வீராம்பட்டினத்துல அலை திரும்பிப் போறப்ப காலுக்கடியில மணல் நகருமே. அது."

எண்ணெய்தான், தூள்தான். வாசனை இல்லாவிட்டால் நாக்கு தொட்டுப் பார்க்கிறது. நான்கு வருஷமாக ரிப்போர்ட் எழுதுகிறேன், இப்படி ஒரு வரி எழுதியதில்லை. இனி தினமும் எவர்சில்வர். வண்டலோடு குடிக்கிறேன், என்ன இப்போ.

ஜூலை 21

பொடியைக் கொரகொரப்பாக அரைத்துப் பார்த்தேன். "கம்பளிப்பூச்சி நடக்குதுங்க." கொட்டிவிட்டேன்.

ஆகஸ்ட் 11

பாதித் தட்டோடு எழுந்துவிடுகிறாள். இளைத்துவிட்டாள். இன்று கேட்டாள்: "இப்படியே போச்சுன்னா, நமக்குக் கொழந்த பொறந்தா அதோட வாசன எனக்குத் தெரியாதாங்க?"

எதற்கும் உடனே ஒரு பதில் வைத்திருப்பவன், அவள் தட்டை எடுத்துக் கழுவினேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

கிளாஸை நீட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "என்னங்க இது, சாக்கடையாட்டம் நாறுது."

கோபம் வந்தது. காகிதத்தில் வடித்துக் கொடுத்தேன். "இது கொஞ்சம் தேவல. டயர் எரியுற மாதிரி." அப்புறம்தான் எனக்கு உறைத்தது. நாறுது என்கிறாள்.

டாக்டருக்கு போன். சிரித்தார். திரும்புகிற வாசனை பல பேருக்கு முதலில் இப்படிக் கோணலாகத்தான் வருமாம். அதிலும் காபி ரொம்ப மோசமாம். கொஞ்சம் கொஞ்சமாக நேராகலாம்.

செப்டம்பர் 8, ஞாயிறு

வீட்டுக்குள் காபி கிடையாது. முனைக் கடையில் வாங்கிக்கொண்டு தெருவில் வந்தேன். வெயில் இன்னும் ஏறவில்லை, காற்று என் முதுகைத் தள்ளியபடி வீட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

ஜன்னலிலிருந்து ஹேமா: "அங்கயே நில்லுங்க. வருது."

பின்னால் நகர்ந்தேன். "இப்ப?"

"இப்பவும் வருது."

கோலம் போட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டு கமலவேணி அக்கா நிமிர்ந்தார். "என்ன தம்பி, தொரத்திட்டாளா?"

"ஆமாங்கா."

பதினேழு தப்படி பின்னால் வந்தாயிற்று. காபி ஆறிவிட்டது. இன்னும் ஒரு தப்படி பின்னால் வைத்துவிட்டுக் கேட்டேன்.

மூக்கைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள், வருது என்று.