மீன் எங்கேயும் போகாது

மாமா,

மீன் தொட்டிக்குப் பெரிய ஃபில்டர் வாங்கத் திருப்பதிக்குப் போகிறேன். “மீனுக்கு இன்னாத்துக்கு அவ்ளோ பெரிய மிசினு?” என்று நீங்கள் கத்திய பிறகும்தான் போகிறேன்.

உங்கள் மச்சான் கஜேந்திரன் மீனைக் கொண்டுபோகப் புத்தலப்பட்டிலிருந்து டிரம்மோடு வருவார். வரச் சொன்னது நீங்கள். காபி கொடுத்து, வெறும் டிரம்மோடு திருப்பி அனுப்புவதும் உங்கள் வேலை.

மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பது நோயால் இல்லை. நம் தறியிலிருந்து பறக்கிற பஞ்சு தண்ணீரில் விழுந்து, அந்தக் குட்டி ஃபில்டரை அடைத்துவிடுகிறது. முன்னூறு லிட்டர் தொட்டிக்கு இது போதும் என்று கடைக்காரர் சொன்னது தறி ஓடாத வீட்டுக்கு. நமக்கு அதைவிடப் பெரியது வேண்டும்.

நான் வரும்வரை தொட்டிப் பக்கத்துத் தறி ஓடாது. ஸ்விட்ச் பெட்டியைப் பூட்டிவிட்டேன். சாவி என் பையில் இருக்கிறது, தேட வேண்டாம்.

புளிக்குழம்பு அடுப்பின் மேல் இருக்கிறது.

லோகேஸ்வரி

பி.கு.: நான் குளிக்கப் போனதும் அந்தப் பெரிய ஆரஞ்சு மீனிடம், “இன்னாடா, துன்னியா?” என்று தினமும் கேட்கிறீர்களே, எனக்குக் கேட்கிறது. அப்படிக் கேட்ட கையோடு அதைப் பிடித்து டிரம்மில் போடுங்கள், பார்க்கலாம்!